டீபக்கரிடம் மாறியின் மதிப்பைக் கேட்டால் அது வேறெதையோ செய்வது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பைத்தான் நிரலை அதன் டீபக்கரான பிடிபியில் (டீபக்கர் என்பது ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் கருவி) நிறுத்தி, ‘சி’ என்ற ஓரெழுத்து மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த எழுத்தை அடித்தால், மதிப்பு வராமல் நிரல் ஓடிவிடுகிறது. வேறொரு வேலையில் சி++ நிரலை ஜிடிபி என்ற டீபக்கரில் நிறுத்தி, ஒரு ஸ்ட்ரக்சருக்குள் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) இருக்கும் ‘கிளாஸ்’ என்ற உறுப்பைக் கேட்டால் சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை, வருகிறது. டீபக்கருக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்களின் முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும், மாறிகளின் பெயரை மாற்றுவதைத் தவிர வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் கிடைத்தாலும் அதனால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு பெயரை டீபக்கர் மட்டும் ஏன் தவறாக எடுத்துக்கொள்கிறது, நிரலில் கை வைக்காமல் அந்த மதிப்பை எப்படிப் பார்ப்பது என்பதுதான் உங்கள் சிக்கல். பல வருடங்களாக சி, சி++, பைத்தான் நிரல்களை டீபக்கரில் வைத்துப் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கல்களும் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடப்பவை, மருந்தும் வேறு. கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; திரையில் அடிக்கும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

டீபக்கரில் ஒரு வரியை அடித்ததும் அது மூன்று கைகள் மாறுகிறது. முதலில் கட்டளையைப் படிக்கும் பகுதி வரியின் முதல் சொல்லை எடுத்து, தனக்குத் தெரிந்த கட்டளையா என்று பார்க்கிறது. மிச்சம் இருப்பது எக்ஸ்பிரஷன் பார்சருக்கு, அதாவது கோவையைப் பிரித்துப் படிக்கும் பகுதிக்குப் போகிறது; அது ஏதாவது ஒரு நிரல்மொழியின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு படிக்கும், அந்த மொழி தனக்கென்று ஒதுக்கிய சொற்களான கீவேர்டுகள் எல்லாம் அதற்குக் கீவேர்டுகள்தான். கடைசியில் பெயரைத் தேடும் வேலை. அங்கே உங்கள் நிரலின் பெயர்களோடு டீபக்கர் தானே வைத்திருக்கும் பெயர்களும் கலந்திருக்கும். இந்த மூன்றில் எங்கே மாட்டிக்கொண்டாலும் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு ‘ஒதுக்கிய சொல் மோதல்’ என்றே தோன்றும்.

பிடிபியில் உங்களுக்கு நடந்தது முதல் வகை. பிடிபி தனக்குத் தெரியாத எந்த வரியையும் பைத்தான் வரியாக எடுத்து இயக்கிவிடும். அந்த வசதிக்குப் பழகிப்போய், மாறியின் பெயரை மட்டும் அடித்தால் மதிப்பு வரும் என்று நாம் நம்பிவிடுகிறோம். ‘டோட்டல்’ என்று அடித்தால் வரும், ‘ரிசல்ட்’ என்று அடித்தால் வரும். ‘சி’ என்று அடித்தால் வராது, ஏனென்றால் அது ‘கன்டினியூ’ கட்டளையின் சுருக்கம். ‘என்’ அடுத்த வரிக்குப் போகும், ‘எஸ்’ உள்ளே இறங்கும், ‘ஆர்’ ஃபங்ஷன் திரும்பும் இடம் வரை ஓடும், ‘ஏ’ ஃபங்ஷனின் ஆர்குமென்டுகளைக் காட்டும், ‘எல்’ நிரல் வரிகளைக் காட்டும், ‘கியூ’ கடையை மூடிவிடும். கணக்கு எழுதுகிறவர்கள் ஓரெழுத்து மாறிகளை விரும்பி வைப்பதால் இது அடிக்கடி நேர்கிறது.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் தீர்வு எளிது: ‘பி சி’ என்று அடியுங்கள். ‘பி’ என்பது பிரிண்ட் கட்டளை. அதற்குப் பின்னால் வருவதைக் கட்டளையாக யாரும் படிக்க மாட்டார்கள். மாறியின் பெயரே ‘பி’ என்றால்கூட ‘பி பி’ சரியாக வேலை செய்யும். பெரிய டிக்ஷனரி, லிஸ்ட் போன்றவற்றுக்கு ‘பிபி’ கட்டளை அழகாக அடுக்கிக் காட்டும். இன்னொரு வழி, வரியின் தொடக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போடுவது: ‘!சி’. அதன் பொருள், ‘இதைக் கட்டளையாகப் பார்க்காதே, பைத்தான் வரியாக இயக்கு’ என்பதுதான்.

மதிப்பைப் பார்ப்பதைவிட மதிப்பைக் கொடுப்பதுதான் ஆபத்து, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிரல் நின்றிருக்கும்போது ஒரு மாறிக்குப் புது மதிப்பு கொடுத்துப் பார்க்க ‘சி = 5’ என்று அடிக்கிறோம் என்று வையுங்கள். பைத்தான் 3.12 வரை இருந்த பிடிபி, முதல் சொல்லான ‘சி’யைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த ‘= 5’ஐக் கண்டுகொள்ளாமல் நிரலை ஓட விட்டுவிடும். எரர் எதுவும் வராது. ‘ஏ = 5’ என்றால் ஆர்குமென்டுகளைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்; மதிப்பு மாறிவிட்டது என்று நினைத்து மேலே போவோம், மாறியிருக்காது. ‘கியூ = ...’ என்று ஒரு வரிசையைத் தொடங்கினால் அமர்வே முடிந்துவிடும், அரை மணி நேரம் காத்திருந்து பிடித்த அந்த நிலையும் அதோடு போய்விடும். ‘லிஸ்ட்(எக்ஸ்)’ என்று அடித்தால் பைத்தானின் லிஸ்ட் ஃபங்ஷன் ஓடாது, நிரல் வரிகளைக் காட்டும் ‘லிஸ்ட்’ கட்டளை வந்து, அடைப்புக்குறிக்குள் இருப்பது புரியவில்லை என்று சொல்லும். பைத்தான் 3.13இல் இதைச் சீர்படுத்தினார்கள். தொடக்கம் மட்டும் கட்டளையைப் போல இருக்கிற பைத்தான் வரிகளை இப்போது பிடிபி பிரித்தறிகிறது. ஆனாலும் வெறும் ‘சி’ இன்றும் கட்டளைதான், அது மாறப்போவதில்லை. எந்தப் பதிப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, மதிப்பு கொடுக்கும்போதெல்லாம் ஆச்சரியக்குறியோடு தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பதிப்பிலும் அது செல்லும்.

நிறையப் பெயர்களை ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும் என்றால் ‘இன்டராக்ட்’ என்று அடியுங்கள். சாதாரண பைத்தான் ஷெல் திறக்கும். நின்றிருக்கும் இடத்தின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும், பிடிபி கட்டளைகள் ஒன்றும் இருக்காது. பார்ப்பதற்கு அருமையான இடம். ஆனால் அங்கே கொடுக்கும் புது மதிப்பு நிரலின் மாறியைத் தொடாது, அது தனிப் பெயர்வெளி. இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை: உங்கள் முகப்பு ஃபோல்டரில் பிடிபிக்கான அமைப்புக் கோப்பு இருந்து, அதில் யாராவது ‘அலையஸ்’ (கட்டளைக்கு மாற்றுப் பெயர்) எழுதி வைத்திருந்தால், கட்டளைகளின் பட்டியலே உங்கள் கணினியில் வேறாக இருக்கும். வெறும் ‘அலையஸ்’ என்று அடித்தால் என்னென்ன இருக்கின்றன என்று காட்டிவிடும்.

பைத்தானில் உண்மையான கீவேர்டு மோதலும் உண்டு, அது இன்னொரு கதை. மாறிக்குக் கீவேர்டைப் பெயராக வைக்க மொழி விடாது. ஆனால் ஒரு பொருளின் பண்புக்கு அந்தப் பெயர் வெளியிலிருந்து வந்து சேர முடியும். கட்டளைவரி ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் ‘--லாம்ப்டா’ என்று ஒரு ஆப்ஷன் வைத்தால், ‘ஆர்க்ஸ்’ பொருளில் ‘லாம்ப்டா’ என்ற பண்பு உருவாகிவிடும், ‘பி ஆர்க்ஸ்.லாம்ப்டா’ என்று கேட்டால் சின்டாக்ஸ் எரர். இங்கே ‘பி’யும் உதவாது, ஆச்சரியக்குறியும் உதவாது, ஏனென்றால் தடுப்பது பைத்தானின் இலக்கணமே. பெயரைச் சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும்: ‘கெட்அட்டர்’ ஃபங்ஷனுக்குப் பொருளையும் மேற்கோளுக்குள் ‘லாம்ப்டா’வையும் கொடுங்கள், அல்லது ‘பிபி வார்ஸ்(ஆர்க்ஸ்)’ என்று மொத்தத்தையும் பாருங்கள். பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தின் டேபிளில் ‘கிளாஸ்’ என்ற நெடுவரிசை இருந்தாலும் இதே நிலைதான். புள்ளி வைத்து அணுக முடியாது, சதுர அடைப்புக்குள் பெயரைச் சரமாகக் கொடுக்க வேண்டும். பழைய நிரல்களில் ‘அசிங்க்’ என்று பெயர் வைத்திருந்தவர்கள், பைத்தான் 3.7இல் அது கீவேர்டு ஆனபோது இதை அனுபவித்தார்கள்.

இனி ஜிடிபி. அங்கே ஒரு மாறியைக் கேட்க ‘பிரிண்ட்’ போன்ற கட்டளையை எழுதியாக வேண்டும் என்பதால், பிடிபியில் வந்த முதல் வகை மோதல் பார்க்கும்போது வராது. ‘பி சி’, ‘பி என்’ எல்லாம் சுத்தமாகப் போகும். உங்கள் ‘கிளாஸ்’ மாட்டிக்கொண்டது இரண்டாவது இடத்தில், எக்ஸ்பிரஷன் பார்சரில். ஜிடிபி எந்த மொழியின் இலக்கணத்தில் படிக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறது: நின்றிருக்கும் ஃப்ரேமின் (அதாவது அந்த ஃபங்ஷன் அழைப்பின்) நிரல்கோப்பு எந்த மொழியில் கம்பைல் ஆனது என்று, கம்பைலர் டீபக்கருக்காக விட்டுச்செல்லும் டீபக் தகவலில் எழுதியிருக்கும், அதை எடுத்துக்கொள்கிறது. சி மொழிக் கோப்பில் நின்றால் ‘கிளாஸ்’, ‘நியூ’, ‘டெலீட்’, ‘டெம்ப்ளேட்’, ‘ஆப்பரேட்டர்’, ‘அண்ட்’, ‘ஆர்’, ‘எக்ஸார்’ எல்லாம் சாதாரணப் பெயர்கள். சி++ கோப்பில் நின்றால் அவை கீவேர்டுகள். சி எழுதுகிறவர்கள் ‘ஓல்டு’, ‘நியூ’ என்று இரட்டைப் பெயர் வைப்பது மிகச் சாதாரணம். லினக்ஸ் கெர்னலின் ‘லிஸ்ட்_ஆட்’ ஃபங்ஷனின் முதல் ஆர்குமென்டின் பெயரே ‘நியூ’தான்.

சி++ இலிருந்து சி நூலகத்தை அழைக்கும் இடத்தில் இது எப்படி வெடிக்கிறது என்பதற்கு திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11 நல்ல உதாரணம். அதன் சி நூலகமான எக்ஸ்லிப்பின் ஹெட்டர் கோப்பில் ‘விஷுவல்’ என்ற ஸ்ட்ரக்சரைத் திறந்து பாருங்கள். சி++ கம்பைலர் படித்தால் அந்த உறுப்பின் பெயர் ‘சி_கிளாஸ்’, சி கம்பைலர் படித்தால் ‘கிளாஸ்’ என்று பிரிப்ராசசர் (கம்பைல் செய்வதற்கு முன் நிரல் வரிகளை மாற்றும் பகுதி) நிபந்தனை போட்டு எழுதியிருக்கும். நினைவகத்தில் அதே இடத்தில் இருக்கும் அதே எண்தான், பெயர் மட்டும் இரண்டு. டீபக் தகவலில் பதிவாவது பிரிப்ராசசர் வேலை முடிந்தபிறகு இருக்கும் பெயர். ஆகவே உங்கள் சி++ ஃப்ரேமில் நின்றுகொண்டு ‘பிரிண்ட் விஸ்->கிளாஸ்’ என்றால் சின்டாக்ஸ் எரர். ‘விஸ்->சி_கிளாஸ்’ என்றால் மதிப்பு வரும். டீபக் தகவலோடு கம்பைல் செய்த நூலகம் உங்களிடம் இருந்து, ‘டவுன்’ அடித்து அதன் சி ஃப்ரேமுக்குள் இறங்கினால், மொழி தானாகவே சிக்கு மாறும். அப்போது ‘கிளாஸ்’ வேலை செய்யும், ‘சி_கிளாஸ்’ வேலை செய்யாது. சில திட்டங்களில் ஹெட்டரைச் சேர்ப்பதற்கு முன் ‘கிளாஸ்’ என்ற சொல்லை ‘கிளாஸ்_’ என்று டிஃபைன் செய்துவிட்டுச் சேர்ப்பார்கள். அங்கேயும் கணக்கு இதேதான்: பிரிப்ராசசர் என்ன பெயராக மாற்றியதோ அந்தப் பெயரில் தேடுங்கள். உறுப்பின் பெயர் என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ‘பிடைப்’ கட்டளையில் அந்த ஸ்ட்ரக்சரின் வகையைக் கேளுங்கள், எழுதிக் காட்டிவிடும்.

பதிவான பெயரே ‘கிளாஸ்’தான், நிற்பதோ சி++ ஃப்ரேமில் என்றால்? ‘செட் லேங்குவேஜ் சி’ என்று அடித்துவிட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். ஃப்ரேமின் மொழியோடு ஒத்துப்போகவில்லை என்று ஜிடிபி ஓர் எச்சரிக்கை காட்டலாம், பொருட்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் மறக்காமல் ‘செட் லேங்குவேஜ் ஆட்டோ’ என்று திருப்பி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து நேம்ஸ்பேஸ், டெம்ப்ளேட் உள்ள ஒரு பெயரைக் கேட்கும்போது வேறு விதமான எரர் வந்து குழப்பும். மொழியை மாற்றாமலே பார்க்கவும் வழிகள் உண்டு. ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’, ‘இன்ஃபோ ஆர்க்ஸ்’ இரண்டும் பெயர்களை எக்ஸ்பிரஷனாகப் படிப்பதே இல்லை, இருப்பதை அப்படியே வரிசையாகக் காட்டும். ஸ்ட்ரக்சரின் ஓர் உறுப்பு மட்டும் தகராறு செய்தால், பாயின்டருக்கு முன் நட்சத்திரம் போட்டு முழு ஸ்ட்ரக்சரையும் பிரிண்ட் செய்துவிடுங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். யோசிக்கவே வேண்டாம், எந்தப் பெயராக இருந்தாலும் வந்து விழும். ஜிடிபிக்குள் இருக்கும் பைத்தான் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள், நின்றிருக்கும் ஃப்ரேமின் ‘ரீட்_வார்’ ஃபங்ஷனுக்கு மாறியின் பெயரைச் சரமாகக் கொடுத்தும் எடுக்கலாம்.

பார்க்கும்போது வராத முதல் வகை மோதல், ஜிடிபியில் மதிப்பு கொடுக்கும்போது வந்து நிற்கும். ‘செட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வதுதான் காரணம்: மாறிக்கு மதிப்பு கொடுப்பதும் அதுதான், ஜிடிபியின் சொந்த அமைப்புகளை மாற்றுவதும் அதுதான். ஜிடிபி கையேடே இதற்கு உதாரணம் தருகிறது. நிரலில் ‘விட்த்’ என்று ஒரு மாறி; ‘செட் விட்த்=47’ என்றால் எரர் வரும், ஏனென்றால் ‘செட் விட்த்’ என்பது திரையின் அகலத்தை அமைக்கும் கட்டளை. இதாவது பரவாயில்லை, எரர் வந்து காப்பாற்றுகிறது. அடுத்தது மோசம். மாறியின் பெயர் ‘ஜி’, மதிப்பு 1. ‘செட் ஜி=4’ என்று அடித்தால் சத்தமே இருக்காது. மறுபடி பிரிண்ட் செய்தால் அதே 1. ‘ஜி’ என்பது ‘நூடார்கெட்’ என்ற அமைப்பின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அதன் மதிப்பு ‘=4’ என்று ஆகியிருக்கும். பிறகு நிரலை மறுபடி ஓட்டும்போது, கோப்பைத் திறக்க முடியவில்லை, டார்கெட் செல்லாது என்று சம்பந்தமில்லாத ஓர் எரர் வரும். இதைத் தவிர்க்க ‘செட் வார் ஜி=4’ என்று எழுதுங்கள். ‘பிரிண்ட் ஜி=4’ என்றாலும் மதிப்பு மாறும், மாறியதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம்.

பிரிண்டுக்கே ஆப்ஷன்கள் வந்தபிறகு இன்னொரு நெருக்கடி. ‘பி’ என்ற மாறியின் எதிர்மறை மதிப்பைக் கேட்க ‘பிரிண்ட் -பி’ என்று அடித்தால், அது ‘-பிரிட்டி’ ஆப்ஷனின் சுருக்கம்போலவும் இருக்கிறதே? ஜிடிபி இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது: ஆப்ஷன் கொடுத்தால் முடிவில் இரட்டைக் கோடு ‘--’ கட்டாயம். அது இல்லாதவரை எக்ஸ்பிரஷனாகவே படிக்கும்.

மூன்றாவது இடம், டீபக்கரின் சொந்தப் பெயர்கள். ஜிடிபியில் டாலர் குறியோடு தொடங்கும் எந்தப் பெயரையும் தற்காலிக மாறியாக வைத்துக்கொள்ளலாம், ப்ராசசரின் ரெஜிஸ்டர் பெயர்களைத் தவிர. இந்தக் கடைசி நிபந்தனையைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘$எஸ்பி’ ஸ்டாக் பாயின்டர், ‘$பிசி’ அடுத்து இயங்கவிருக்கும் கட்டளையின் முகவரி. எதற்கோ சுருக்கமாக நினைத்து ‘செட் $எஸ்பி = 5’ என்று அடித்தால் புது மாறி உருவாகாது; ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஸ்டாக் பாயின்டரே மாறும், அதற்குப் பிறகு பேக்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) முதல் எதையும் நம்ப முடியாது. தற்காலிக மாறிகளுக்கு நான் எப்போதும் நீளமான பெயர்தான் வைப்பேன்.

மேக்கில் வேலை செய்கிறவர்கள் எல்எல்டிபி என்ற டீபக்கரில் இதையே கொஞ்சம் வேறு வடிவில் பார்ப்பார்கள். அதன் ‘எக்ஸ்பிரஷன்’ கட்டளை நீங்கள் அடிப்பதை ஒரு சிறு நிரலாக ஆக்கி கிளாங் கம்பைலரிடம் கொடுக்கிறது, சி ஃப்ரேமில் நின்றாலும் உள்ளே சி++ வசதிகளைப் பயன்படுத்துகிறது. அதனால் ‘நியூ’, ‘கிளாஸ்’ போன்ற பெயர்கள் அங்கே தகராறு செய்வதுண்டு. எந்த அளவுக்கு என்பது பதிப்பைப் பொறுத்தது. பதிப்பு எதுவானாலும் ‘ஃப்ரேம் வேரியபிள்’ கட்டளை, சுருக்கமாக ‘வி’, கம்பைலர் பக்கமே போகாமல் டீபக் தகவலிலிருந்து நேராக எடுத்துத் தரும். மற்றவற்றில், பெர்லின் டீபக்கரில் ஃபங்ஷன் பெயர் கட்டளையோடு மோதினால் முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டால் போதும். சி#இல் ‘@கிளாஸ்’ என்று எழுதிய மாறியை வாட்ச் சாளரத்திலும் அதே @ குறியோடுதான் கேட்க வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். டீபக்கருக்காக மட்டும் ஒரு நூலகத்தின் ஸ்ட்ரக்சர் உறுப்பை மாற்றாதீர்கள். அதைப் பயன்படுத்தும் எல்லோருடைய நிரலும் உடையும், நமக்குக் கிடைப்பதோ ஒரு கட்டளை அடிக்கும் வேலை மிச்சமாவது மட்டுமே. உங்கள் சொந்தப் பைத்தான் நிரலில் ‘லிஸ்ட்’, ‘இன்புட்’, ‘டைப்’ என்று மாறிகள் இருந்தால் மாற்றிவிடுங்கள், அவை பைத்தானின் சொந்த ஃபங்ஷன்களை மறைத்து டீபக்கருக்கு வெளியேயும் தொல்லை தரும். பைத்தானின் நடைக் கையேடான பெப் 8, கீவேர்டோடு மோதும் பெயருக்குக் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்க்கச் சொல்கிறது. ‘எல்’ என்ற ஒற்றைச் சிறிய எழுத்தைப் பெயராகவே வைக்க வேண்டாம் என்கிறது, அது எண் 1 போலத் தெரியும் என்பதால். கணக்குச் சூத்திரத்தில் வரும் ‘சி’, ‘என்’ போன்றவற்றை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். சூத்திரத்தில் இருக்கும் எழுத்தே நிரலிலும் இருந்தால்தான் படிக்கிறவருக்குப் பிடிபடும். ‘பி’ என்று ஓர் எழுத்தைக் கூட அடிப்பது பெரிய சுமையில்லை.

நீங்கள் எழுதியதை வைத்து, பிடிபி விஷயத்தில் காரணம் நான் சொன்னதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஜிடிபி விஷயத்தில் சி++ கீவேர்டு மோதல் என்பதே மிகச் சாத்தியமானது. ஆனால் எரரின் முழு வாசகத்தை நீங்கள் தரவில்லை. ‘சின்டாக்ஸ் எரர்’ என்றால் பார்சர், மேலே சொன்ன வழிகள் பொருந்தும். ‘நோ சிம்பல்’ என்றால் பெயர் அந்த இடத்தில் இல்லை. தவறான ஃப்ரேமில் நிற்கிறீர்கள், அல்லது பிரிப்ராசசர் பெயரை மாற்றியிருக்கிறது. ஒரு வகையின் பெயரை எக்ஸ்பிரஷனாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று வந்தால், அதே பெயரில் வகை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, மாறி தெரியவில்லை. கோப்பின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டு, இரட்டை முக்காற்புள்ளிக்குப் பின் மாறியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால் பெயரில் ஒரு குறையும் இல்லை, கம்பைலர் அந்த மதிப்பையே வைத்திருக்கவில்லை. ஆப்டிமைசேஷனைக் குறைத்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், நின்றிருக்கும் இடத்தில் ‘ஷோ லேங்குவேஜ்’ என்ன சொல்கிறது, ‘பிடைப்’ என்ன காட்டுகிறது, எரர் வாசகம் முழுதாக என்ன என்ற மூன்றையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.